கடல் கொழித்த நிறங்கள்

பொட்டலத்தில் ஒரு புதிர்

கன்னியாகுமரிக்குப் போய்வந்தவர் வீட்டில் பாசிமாலை, சங்கு இவற்றோடு ஒரு மணல் பொட்டலமும் எங்காவது கிடக்கும். பிளாஸ்டிக் பைக்குள் சின்னச் சின்ன அறைகள். ஒன்றில் கருப்பு மணல், ஒன்றில் கருஞ்சிவப்பு, ஒன்றில் மஞ்சள் கலந்த பழுப்பு, ஒன்றில் வெள்ளை. விற்பவரிடம் கேட்டால் அம்மன் கல்யாணக் கதையைச் சொல்வார். சுசீந்திரத்திலிருந்து மாப்பிள்ளை வரவேண்டிய முகூர்த்தத்தில், விடிந்துவிட்டது என்று நம்பும்படி சேவல் கூவியது. கல்யாணம் நின்றுபோனது. சமைக்க வைத்திருந்த அரிசியும் பருப்பும் அப்படியே மணலாகிப் போயின. வெள்ளை மணலை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் இந்தக் கதை எப்படிப் பிறந்திருக்கும் என்பது விளங்கிவிடும்.

சாயம் போட்டிருப்பார்களோ என்று கழுவிப் பார்த்தவர்களும் உண்டு. கரையிலிருந்து அள்ளியதாக இருந்தால் நிறம் போகாது. ஆனால் உண்மையான புதிர் நிறத்தில் இல்லை. கல்லில் நிறம் இருப்பது அதிசயமா என்ன? ஒரே கடல், ஒரே அலை. வந்து சேரும் மணலும் எல்லாம் கலந்த கலவை. அப்படியானால் கரை முழுக்க ஒரே பழுப்பாக அல்லவா இருக்கவேண்டும்? கருப்பு ஓரிடத்தில், சிவப்பு ஓரிடத்தில் என்று பிரித்துக் குவித்தது யார்?

இதற்கு விடை தேட ஒரு பகல் போதும். காலையில் முட்டத்தில் தொடங்கி, மணவாளக்குறிச்சி, கன்னியாகுமரி, கூடங்குளம், உவரி, குட்டம், மணப்பாடு வழியாக மாலையில் திருச்செந்தூர் போய்ச் சேரலாம். ஏறக்குறைய 120 கிலோமீட்டர். சாலை பெரும்பாலும் கடலை விட்டு விலகாது.

முட்டத்துப் பாறை

முட்டத்தைத் தமிழர்களுக்கு அறிமுகப்படுத்தியவர் பாரதிராஜா. 1981இல் வந்த ‘அலைகள் ஓய்வதில்லை’ படத்தின் பாறைகளும் செம்மண் மேடும் இங்கே இருப்பவைதான். கலங்கரை விளக்கத்துக்குக் கீழே இறங்கி, அலை நனைக்காத ஒரு பாறையைக் கிட்டத்தில் பாருங்கள். ஒரே நிறமாகத் தெரிந்தது புள்ளி புள்ளியாகப் பிரியும். கண்ணாடி மாதிரி மங்கலாக மின்னுவது குவார்ட்ஸ், அதாவது ஊரில் வெங்கச்சாங்கல் என்பார்களே, அது. பால் வெள்ளையாகவும் சாம்பலாகவும் இருப்பது பெல்ஸ்பார். இடையிடையே கருப்புத் துணுக்குகள். சில பாறைகளில் மாதுளை நிறத்தில் கார்னெட்.

குமரி மாவட்டத்தின் அடிப்பாறைகள் பெரும்பாலும் சார்னோக்கைட், கோண்டலைட் என்ற இரு குடும்பங்களைச் சேர்ந்தவை. சார்னோக்கைட் என்ற பெயர் வந்த விதம் வேடிக்கையானது. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி வணிகரின் கல்லறைக்குப் பல்லாவரம் பக்கத்துக் கல்லைக் கொண்டுபோய் வைத்தார்கள். இருநூறு ஆண்டுகள் கழித்து தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் அந்தப் பாறை வகைக்கு அவர் பெயரையே சூட்டிவிட்டார். சென்னைக் கல்லுக்குக் கல்கத்தாக்காரர் பெயர்!

இந்தப் பாறைகள் இப்போதைய உருவை எடுத்தது சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், தரைக்குக் கீழே 20 கிலோமீட்டர் ஆழத்தை ஒட்டி, 800 பாகை செல்சியஸ் அளவு வெப்பத்தில். அப்போது குமரிமுனையும் இலங்கையும் மடகாஸ்கரும் அண்டார்டிகாவும் ஒட்டிக் கிடந்தன. கார்னெட்டும் அந்த உலையில் விளைந்ததே. மேலே இருந்த மலைகள் தேயத் தேய ஆழத்துப் பாறை மெல்ல வெளியே வந்தது.

வெளியே வந்த பாறையை மழையும் வெயிலும் விடுவதில்லை. பெல்ஸ்பார் நீரில் ஊறி மக்கிக் களிமண்ணாகும். இரும்புள்ள கனிமங்கள் துருப்பிடித்து மண்ணைச் சிவப்பாக்கும். முட்டத்தின் செம்மேடு அப்படி வந்தது. குவார்ட்ஸும் அந்தக் கருப்புத் துணுக்குகளில் சிலவும் எளிதில் மக்காதவை. பருக்கை பருக்கையாக உதிர்ந்து, வள்ளியாறும் பழையாறும் வழியாகக் கடலுக்குப் போகும். இதுவரை எல்லாம் கலவைதான். பிரிப்பு இனிமேல்தான்.

இரண்டு பருக்கைகள்

முட்டத்திலிருந்து சில நிமிட ஓட்டத்தில் மணவாளக்குறிச்சி. ஆனி, ஆடி மாதங்களில் கடல் கொந்தளித்து ஓய்ந்த பிறகு வந்தால், கரையில் கரிய பட்டைகள் படிந்திருப்பதைப் பார்க்கலாம். ஊரார் சொல்வது கருமணல். செய்தித்தாள்களில் தாது மணல். இதில் பெரும்பங்கு இல்மனைட். இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனும் சேர்ந்த கனிமம் அது.

‘கனமானது தங்கும், இலேசானது அடித்துப் போகும்’ என்று சுருக்கமாக விடை சொல்லிவிடலாம். பல நூல்கள் அப்படித்தான் சொல்கின்றன. அது அரைகுறை விடை. கொஞ்சம் பொறுமையாகக் கணக்குப் போட்டுப் பார்த்தால் நேர்மாறாகக்கூடத் தோன்றும்.

முதலில் ஓர் எண். ஒரு பொருள் அதே கன அளவுள்ள நீரைப் போல எத்தனை மடங்கு கனம் என்பதை ஒப்படர்த்தி என்பார்கள். குவார்ட்ஸுக்கு 2.65. கார்னெட்டுக்கு 4ஐ ஒட்டி. இல்மனைட்டுக்கு 4.7. பின்னால் வரப்போகும் மோனசைட் என்ற கனிமத்துக்கு 5க்கு மேல்.

இப்போது இரண்டு பருக்கைகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று வெள்ளைக் குவார்ட்ஸ், குறுக்களவு 0.3 மில்லிமீட்டர். மற்றது கரிய இல்மனைட், குறுக்களவு 0.2 மில்லிமீட்டர். இரண்டையும் கலங்காத கடல்நீரில் போட்டால் எது முதலில் அடியைத் தொடும்? இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இறங்கும், நொடிக்குச் சுமார் 4 சென்டிமீட்டர் வேகத்தில். கருப்பு அடர்த்தியால் விரைகிறது, வெள்ளை அளவால் ஈடு கொடுக்கிறது. இப்படி வெவ்வேறு அளவும் அடர்த்தியும் கொண்ட பருக்கைகள் ஒரே வேகத்தில் இறங்குவதை ‘ஒத்த வீழ்ச்சி’ என்று வைத்துக்கொள்வோம். உடைந்த அலை கரையேறும்போது மணலைக் கலக்கித் தூக்கும்; வேகம் தணிந்ததும் கீழே போடும். ஒத்த வீழ்ச்சியுள்ள பருக்கைகள் அப்போது பக்கத்தில் பக்கத்தில் விழும்.

ஆக, அலை கொண்டுவந்து போடும்போது பிரிப்பு நடக்கவே இல்லை. பெரிய வெள்ளைகளும் சிறிய கருப்புகளும் கலந்த ஒரு படிவுதான் கிடக்கிறது.

இனி எடை. 0.3 மில்லிமீட்டர் வெள்ளைப் பருக்கை ஏறக்குறைய 0.037 மில்லிகிராம் இருக்கும். கருப்பு 0.02 மில்லிகிராம்கூட இல்லை. கனமான கனிமம் என்று பெயர் வாங்கிய கருப்புப் பருக்கை, தன் பக்கத்தில் கிடக்கும் வெள்ளையில் பாதி எடைதான்! பிறகு எப்படி அது தங்குகிறது, வெள்ளை போகிறது?

கரையேறிய நீர் திரும்பி இறங்குவதைக் குனிந்து பாருங்கள். பொங்கி ஏறிய அலையின் ஆவேசம் அதில் இல்லை. ஒரு பங்கு நீர் மணலுக்குள் ஊறிவிட, மீதி மெல்லிய தகடாக வழிந்து இறங்குகிறது. மணலைத் தூக்க அதற்கு வலுவில்லை. உருட்ட மட்டும் முடியும். உருட்டுவதற்கு முதலில் அகப்படுவது எது? படிவின் மேல் தலைநீட்டி நிற்கும் பெரிய பருக்கை. நீரின் முழுத் தள்ளலும் அதன்மேல் விழுகிறது, அண்டைப் பருக்கைகளைத் தாண்டி உருள்வதும் அதற்குச் சுலபம். சிறிய கருப்போ பெரியவற்றின் இடுக்கில் பதுங்கிக் கிடக்கிறது. அங்கே நீர் கிட்டத்தட்ட நிற்கிறது. போதாததற்கு, அடர்த்தி மிகுந்ததால் அந்த இடுக்கிலிருந்து அதைக் கிளப்ப இன்னும் வலுவான ஓட்டம் வேண்டும்.

ஒவ்வோர் அலைக்கும் சில வெள்ளைகள் கழிகின்றன. வெள்ளை குறையக் குறையக் கருப்புகள் நெருங்கி, ஒன்றையொன்று தாங்கி, தளம் போட்டதுபோல் வழவழப்பாக ஆகிவிடும். அதன்மேல் வந்து விழும் வெள்ளை தங்க இடமில்லாமல் வழுக்கிப் போகும். ஒருமுறை கருப்புப் பட்டை உண்டாகிவிட்டால் அது தன்னைத்தானே காத்துக்கொள்கிறது.

முறத்தில் அரிசியைப் புடைத்தால் பதர் பறக்கும். பக்கவாட்டில் ஆட்டிக் கொழித்தால் குருணை ஒருபுறம் ஒதுங்கும். முதலாவது எடையால், இரண்டாவது அளவால் நடக்கும் பிரிப்பு. கடல் இரண்டையும் ஒரே வீச்சில் செய்கிறது. ஏறும் அலை எல்லாவற்றையும் முறத்தில் கொட்ட, இறங்கும் அலை கொழிக்கிறது. நிமிடத்துக்கு ஐந்தாறு அலை என்றால் ஒரு நாளைக்கு ஏழாயிரத்துக்கும் மேல். பருவக்காற்றுக் காலத்தில் பெரிய அலைகள் கரையையே வெட்டி இழுக்கும்போது வெள்ளை கூட்டமாகக் கடலுக்குள் போய்விடும், கருப்பு பட்டை பட்டையாக வெளியே தெரியும். பிறகு அமைதியான மாதங்களில் அதே வெள்ளை திரும்பிவந்து கருப்பை மூடும். ஆடி முடிந்து வந்தவர் ‘இந்த ஊர்க் கடற்கரை கருப்பு’ என்பார். மாசியில் வந்தவர் ‘அப்படியொன்றும் இல்லையே’ என்பார். இருவரும் சரிதான்.

கயிற்றில் ஒட்டிப்போன மஞ்சள்

1909இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஷோம்பெர்க், திருவிதாங்கூரிலிருந்து இறக்குமதியான கயிற்றுச் சரக்கில் ஒட்டியிருந்த மணலை ஆராய்ந்தார். அதில் மஞ்சள் நிற மோனசைட் பருக்கைகள் இருந்தன. அப்போது மோனசைட்டுக்கு ஐரோப்பாவில் கிராக்கி. ஆஸ்திரியாவின் அவுயர் ஃபான் வெல்ஸ்பாக் கண்டுபிடித்த எரிவாயு விளக்கின் வலைக்கூட்டுக்குத் தோரியம் வேண்டும். மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. வலைக்கூடு என்றால் விளங்காது, மேண்டில் என்றால் விளங்கும். ‘வைதேகி காத்திருந்தாள்’ படத்தில் செந்தில் உடைத்து, கவுண்டமணியைக் கதறவைத்தாரே, அதேதான். ஷோம்பெர்க் மணலின் ஊரைத் தேடிவந்து மணவாளக்குறிச்சியில் ஆலை வைத்தார். முதல் உலகப்போர் வந்ததும் ஜெர்மானியர் என்பதால் கைதானார். 1950இல் இந்திய அரசு அருமணல் நிறுவனத்தைத் தொடங்கியது. அதன் ஆலை இன்றும் இங்கே இருக்கிறது.

ஆலைக்குள் நடப்பது கடற்கரையில் நடந்ததன் தொடர்ச்சி. திருகுச் சுழலில் மணலை நீரோடு ஓடவிட்டு அடர்த்தியால் பிரிக்கிறார்கள். பிறகு கடல் செய்யாத இரண்டு சோதனைகள்: மின்சாரம் கடத்துகிறதா, காந்தம் இழுக்கிறதா. இல்மனைட் இரண்டுக்கும் ஆம். கருமணலில் கலந்திருக்கும் மற்ற கனிமங்களில், ரூட்டைல் கடத்தும், காந்தத்துக்கு அசையாது. சிர்கான் இரண்டுக்கும் இல்லை. மோனசைட் கடத்தாது, காந்தத்துக்குக் கொஞ்சம் இணங்கும். கரிய இல்மனைட் கடைசியில் எங்கே போகிறது தெரியுமா? வெள்ளைப் பெயிண்ட் செய்ய. அதிலிருந்து எடுக்கும் டைட்டானியம் டையாக்சைடுதான் சுவருக்கு வெண்மை தருகிறது.

மோனசைட்டின் தோரியம் கதிர்வீச்சு உடையது. ஆகவே இக்கரையில் இயற்கைக் கதிர்வீச்சு மற்ற இடங்களைவிடப் பல மடங்கு. ஒரு பகல் நின்று போகிறவருக்கு இதில் கவலைப்பட ஒன்றுமில்லை. தலைமுறை தலைமுறையாக வாழ்கிறவர்களின் கேள்வி வேறு. இதே மணலுள்ள கேரளத்துக் கருநாகப்பள்ளியில் நீண்ட காலம் நடந்து 2009இல் வெளியான ஆய்வு, கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகக் காணவில்லை. ஆனாலும் கடலோர ஊர்களில் அச்சம் தீர்ந்தபாடில்லை. அதை அறியாமை என்று தள்ளிவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இன்னொன்று: பாறைக்கு 55 கோடி வயது என்றேனே, அதை எப்படி அறிந்தார்கள்? இதே மோனசைட் பருக்கைகளில் தோரியமும் யுரேனியமும் சிதைந்து எவ்வளவு ஈயமாகியிருக்கின்றன என்று அளந்து. தோரியத்தில் பாதி சிதைய 1400 கோடி ஆண்டுகள் ஆகும் என்பதால், அவசரமில்லாத கடிகாரம் அது.

குமரிக்குக் கிழக்கே

கன்னியாகுமரியைத் தாண்டி வடகிழக்கே திரும்பியதும் கரையின் நிறம் மாறுகிறது. கருப்பைவிடச் சிவப்பு மிகுதி. கூட்டப்புளி, உவரிப் பக்கம் சில இடங்களில் ஈர மணல் குங்குமக் கரைசலாகத் தெரியும். அது கார்னெட்.

பாறைகளின் உறவு இருபுறமும் ஒன்றே. அப்படியிருக்க மேற்கே கார்னெட் குறைந்து கிழக்கே மிகுவானேன்? ஒரு காரணம் மழை. கார்னெட் இல்மனைட் அளவுக்கு உறுதியானதல்ல. ஈரமும் வெப்பமும் நெடுங்காலம் சேர்ந்தால் அதுவும் மக்கும். மழை கொட்டும் கேரளக் கரையில் அது அரிது. மலைமறைவில் வறண்டு கிடக்கும் இராதாபுரம், சாத்தான்குளம் பக்கத்தில் அது தப்பிப் பிழைக்கிறது. இல்மனைட்டும் இதற்குச் சாட்சி சொல்கிறது. கொல்லம் அருகே சவறாவின் இல்மனைட்டில் மழை இரும்பைக் கரைத்துவிட்டதால் டைட்டானியத்தின் பங்கு கூடுதல். மணவாளக்குறிச்சியில் அதைவிடக் குறைவு.

உப்புத்தாளிலும் இரும்புத் தகடு வெட்டும் நீர்த்தாரையிலும் கார்னெட்டுக்கு வேலை உண்டு. ஆகவே இக்கரைகளில் வரம்பு மீறி அள்ளினார்கள். 2013இல் தமிழக அரசு தாது மணல் எடுப்பதற்குத் தடை விதித்தது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அலை கொழித்துச் சேர்த்ததை எந்திரத்தால் வாருவதற்குச் சில வாரங்கள் போதும்.

வழியில் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் குவிமாடங்கள் தெரியும். இருபுறமும் தோரிய மணல் கிடக்க, நிலையம் ஓடுவது ரஷ்யாவிலிருந்து வரும் யுரேனியத்தில்.

தேரியின் சிவப்பு

உவரி தாண்டிக் குட்டம் பக்கம் உள்ளே திரும்பினால் தேரிக்காடு. பனையும் முந்திரியும் நிற்கும் செக்கச்சிவந்த மணல் மேடுகள். கடற்கரையில் பார்த்த சிவப்பின் மிச்சம் என்றே யாரும் நினைப்பார்கள். ஒரு சிட்டிகை எடுத்துக் கைக்கண்ணாடியில் பார்த்தால் அப்படியில்லை. தேரி மணலில் பெரும்பங்கு வெறும் குவார்ட்ஸ். ஒவ்வொரு பருக்கையும் மேலே மெல்லிய இரும்புத்துரு பூசிக்கொண்டிருக்கிறது. ஆய்வகத்தில் அமிலத்தில் கழுவினால் பூச்சு கரைந்து வெள்ளைப் பருக்கை வெளிவரும். கார்னெட்டை எவ்வளவு கழுவினாலும் நிறம் மாறாது; அதற்குச் சிவப்பு உள்ளும் புறமும்.

இந்தத் துரு எங்கிருந்து? மணலோடு மணலாக இருந்த இல்மனைட், கார்னெட் போன்ற இரும்புக் கனிமங்கள் மேட்டில் கிடந்து மக்கும்போது இரும்பு கரைந்து, மழைநீரோடு இறங்கி, வெயிலில் பருக்கைகள்மேல் படிந்துவிட்டது. அதற்குக் காலம் வேண்டும். இன்றைய கடற்கரை மேடுகள் வெளிறிக் கிடக்க, தேரி சிவந்திருப்பது வயதின் அடையாளம்.

மேடுகளைக் குவித்தது காற்று. கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல் இன்றைவிட 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அப்போது இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம். அகன்று கிடந்த வறண்ட மணற்பரப்பு காற்றுக்கு நல்ல தீனி. இன்றும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாயும் ஆடிக்காற்று உள்நாட்டுச் செம்மண்ணை வாரிக் கடலை நோக்கி வருகிறது. முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றுவதும் அதே காற்று. மணல் கடலிலிருந்து வந்ததா, நிலத்திலிருந்து வந்ததா என்று ஆய்வாளர்கள் வாதிட்டதுண்டு. இரண்டும் கலந்ததென்பதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. தேரிகளில் குறுங்கற்கருவிகள் கிடைக்கின்றன. 1956இல் ஸாய்னர், ஆல்சின் என்ற ஆய்வாளர்கள் அவற்றைப் பற்றி விரிவாக எழுதினார்கள். சில கருவிகளின்மேலும் சிவப்பு ஏறியிருந்தது. அவற்றைச் செய்தவர்கள் போன பிறகும் பூச்சு வேலை நடந்திருக்கிறது.

மணல் கல்லாகும் இடம்

மணப்பாட்டில் கடலுக்குள் நீளும் குன்றின்மேல் திருச்சிலுவைக் கோயில். 1542இல் பிரான்சிஸ் சேவியர் வந்த ஊர். குன்றின் பக்கவாட்டில் சாய்ந்த அடுக்குகள் தெரிகின்றன: பழைய மணல்மேட்டின் சரிவுகள் கல்லாக உறைந்தவை. சிப்பித் தூள் கலந்த மணலில் மழைநீர் சுண்ணாம்பைக் கரைத்து, காயும்போது பருக்கைகளுக்கிடையே பசையாக விட்டுப் போகிறது. திருச்செந்தூரில் வள்ளிக் குகை குடைந்திருப்பதும் இவ்வகைக் கல்லில்தான். எளிதாகக் குடையலாம், அதே எளிமையோடு உப்புக் காற்று அதை அரிக்கும்.

நாழிக்கிணறு

திருச்செந்தூரில் கடலுக்கு அருகே படியிறங்கிப் போனால் ஒரு கிணறு, அதற்குள் ஓரடிச் சதுரத்தில் இன்னொரு சின்னக் கிணறு. உள்ளே இருப்பது நல்ல தண்ணீர். முருகன் தன் படைகளின் தாகம் தீர்க்க வேலால் குத்தியது என்பது தலபுராணம்.

மணலைப் பிரித்த அதே அடர்த்தி இங்கே தண்ணீரைப் பிரிக்கிறது. ஒரு லிட்டர் நன்னீர் 1000 கிராம், கடல்நீர் 1025 கிராம். மணலுக்குள் இறங்கிய மழைநீர் இலேசாக இருப்பதால் உப்புநீர்மேல் மிதக்கிறது. மணல் இடுக்குகளில் அலைப்பு இல்லாததால் இரண்டும் மெதுவாகவே கலக்கின்றன. கணக்கு எளியது: 41 மீட்டர் நன்னீர்த் தூணும் 40 மீட்டர் கடல்நீர்த் தூணும் ஒரே எடை. ஆகவே நிலத்தடி நன்னீர் கடல் மட்டத்துக்கு 1 மீட்டர் மேலே நின்றால், கீழே 40 மீட்டர் ஆழம்வரை நன்னீர் இருக்கலாம். உள்நாட்டில் மழையைச் சட்டென்று உறிஞ்சும் தேரி மணல் அந்த இருப்பை நிரப்பிக்கொண்டிருக்கிறது.

இதே கணக்கு திரும்பியும் அடிக்கும். மோட்டார் போட்டு நீர்மட்டத்தை 1 மீட்டர் இறக்கினால், காலப்போக்கில் அடியிலிருந்து உப்பு 40 மீட்டர் ஏறும். உடன்குடி வட்டாரத்து விவசாயிகள் கிணறு உவர்த்துவிட்டதாகச் சொல்வதன் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது. நாழிக்கிணற்றில் வாளியால் மேலோட்டமாக, கொஞ்சம் கொஞ்சமாக மொள்கிறார்கள். மேலே மிதக்கும் நீர் மட்டும் வருகிறது. அடியில் இருக்கும் கடல் அசைவதில்லை.